இரவல் ஃபிரிட்ஜ்

லப்பைக்குடிக்காடு
10.2.1999

அன்பு மருமகள் நஃபீசாவுக்கு மாமு ஷஃபியுல்லா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் மாமியும் என் கூடப்பிறந்த லாத்தாவான உன் அம்மாவும் உன் மகள் ருமைசாவும் அல்லாஹ் கிருபையால் நலம். அரியலூரில் உன் நலமும், உன்னோடு அறையில் தங்கியிருக்கும் அந்தத் தையல்காரப் பெண் லீலாவதியின் நலமும் அறிய ஆவல்.

நீ அனுப்பிய சிறுதொழில் மானிய விண்ணப்பத்தை நேற்று நானே பெரம்பலூருக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். தபாலில் போட்டிருந்தால் எந்த மூட்டையில் கிடக்குமோ. நான் ஆபீஸ் படியேறும்போதே வாசலில் இருந்த காவலாளி எழுந்து நின்றுவிட்டான். அவன் டீ குடிக்க எழுந்திருப்பான் என்கிறாள் மாமி. அவள் அங்கே இருந்தாளா?

உள்ளே கிளார்க் பேப்பரை வாங்கி ஒரு ஓரமாக வைத்தார். நான் விடுவேனா. 'சார், எங்க வூட்டுப் புள்ள தச்ச துணியத்தான் பாதி அரியலூரே உடுத்திக்கிட்டுத் திரியுது' என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னை நன்றாகப் பார்த்தார். பிறகு பேப்பரில் ஒரு முத்திரை குத்தினார். அந்தக் குத்தின சத்தத்தைக் கேட்டபோதே மானியம் கையில் வந்த மாதிரிதான். அந்தக் காலத்து ஐந்தாம் வகுப்பு சும்மா இல்லை.

இனி ஒரு அதிகாரி நம் வீட்டைப் பார்க்க வருவாராம். விட்டுத்தள்ளு. ஜித்தாவில் ஷேக்குகளுக்கே விருந்து நடத்தினவன் நான். (தட்டுக் கழுவினதாக மாமி சொல்வதை நம்பாதே.) உனக்காகத் துஆ செய்யும்,
மாமு.


அரியலூர்
18.2.1999

அன்புள்ள மாமுவுக்கு நஃபீசா எழுதுவது. வஅலைக்கும் ஸலாம். கடிதம் கிடைத்தது. விண்ணப்பத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்ததற்கு மிகவும் நன்றி. பக்கத்து வீட்டுப் போனுக்குப் பேசலாம்தான். ஆனால் அங்கே பேசினால் தெருவே கேட்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

மாமு, இந்த மானியம் எனக்கு எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். மோட்டார் வைத்த மூன்று தையல் மெஷின் வாங்கி நம் வீட்டு முன்கூடத்தில் போட்டுவிட்டால் போதும். பள்ளிக்கூட யூனிஃபார்மும் புர்காவும் தைத்துக்கொண்டு நான் ஊரோடு வந்துவிடுவேன். ருமைசா ராத்திரி என் பக்கத்தில் தூங்குவாள். இங்கே கடை முதலாளி வெள்ளிக்கிழமைகூட விடுவதில்லை. மாதம் ஒரு முறை வந்து அவள் தலையை வாரிவிட்டுத் திரும்ப பஸ் ஏறுகிறேன். ஆவணி பிறந்தால் எனக்கு முப்பத்தைந்து முடிகிறது. அதற்கு மேல் விண்ணப்பிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் இதுதான் ஒரே தடவை.

கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு முதலில் கொடுக்கிறார்கள். நான் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அதிகாரி வந்தால் அதைத்தான் கேட்பார். சிராஜுதீன் தம்மாம் போனதையும், கடிதமும் காசும் நின்று போனதையும், அங்கே வேறு குடும்பம் வைத்துக்கொண்டதாக ஆட்கள் வந்து சொன்னதையும் உள்ளபடி சொல்லிவிடுங்கள். சொல்வது உங்களுக்குக் கஷ்டம் என்று தெரியும். நீங்கள் பார்த்து முடித்த சம்பந்தம் என்பதற்காகச் சொல்லவில்லை. உள்ளதை மட்டும் சொல்லுங்கள், போதும்.

ருமைசாவுக்குப் புது ரிப்பன் வைத்திருக்கிறேன்.
நஃபீசா.


லப்பைக்குடிக்காடு
12.3.1999

அன்பு மருமகள் நஃபீசாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். வெற்றி. இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

நேற்று வியாழக்கிழமை அதிகாரி வந்தார். பெயர் வைத்திலிங்கம். வருகிறார் என்று முன்னாடியே கார்டு வந்துவிட்டது. நம் முன்கூடத்தில் என்ன இருக்கிறது சொல். ஒரு பாய், ஒரு பெஞ்சு, கால் ஆடுகிற மேஜை. இதைப் பார்த்தால் கவர்மென்ட் நம்மை நம்பிக் காசு கொடுக்குமா? பெண் பார்க்க வருகிறவர்களுக்கே நம் தெருவில் எப்படிச் செய்வோம். இது கவர்மென்ட் ஆயிற்றே.

முகமது அனஸ் வீட்டுக்குப் போனேன். அவன் குவைத்திலிருந்து அனுப்பினது அங்கே கொட்டிக் கிடக்கிறது. கலர் டிவி, கார்ப்பெட், மெத்தை நாற்காலி, ஃபிளாஸ்க் எல்லாம் வாங்கினேன். ஃபிரிட்ஜை மட்டும் நாலு பேர் தூக்கினார்கள். அனஸின் அம்மா முகம் சுளிக்காமல் அள்ளிக் கொடுத்தார்கள். 'எந்த ஊர்க்காரங்க?' என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். பெரம்பலூரிலிருந்து வருகிறார்கள் என்றேன். 'நல்லபடியா முடியட்டும், அந்தப் புள்ளயும் எத்தன நாளைக்குத்தான் இப்புடியே கெடக்கும்' என்று துஆ செய்தார்கள். உன் தொழில் மேல் தெருவுக்கே அக்கறை.

கொண்டுவந்து வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது, நம் முன்கூடத்தில் ஒரு பல்பைத் தவிர ஒன்றும் கிடையாது, ப்ளக் பாயின்ட் இல்லை. நான் அசரவில்லை. டிவி ஒயரைக் கார்ப்பெட்டுக்கு அடியில் ஒளித்தேன். மீன் கடையில் ஐஸ் வாங்கி ஃபிரிட்ஜுக்குள் அடுக்கினேன். அதிகாரி வந்து உட்கார்ந்ததும் கதவைத் திறந்து ரோஸ்மில்க்கை எடுத்து நீட்டினேன் பார், மனிதர் அசந்துவிட்டார். ஒரே வாய் குடித்துவிட்டுத் தம்ளரை வைத்துவிட்டார். வயிறு சரியில்லை போல. மாமி அடுப்படியிலிருந்து வெளியே வரவே இல்லை. உன் அம்மா தலைவலி என்று படுத்துவிட்டாள். எல்லாம் நான் ஒரே ஆளாகச் சமாளித்தேன்.

வாசலில் தெருவே நின்றது. அவர் பேப்பரைப் புரட்டி என்னென்னவோ கேட்டார். மாப்பிள்ளையைப் பற்றியும் கேட்டார். அதை மானமாகச் சொல்லி முடித்துவிட்டேன், அதைப்பற்றி நீ கவலைப்படாதே. போகும்போது என் கையைப் பிடித்து 'உங்களுக்கு ஒரு கொறையும் இல்லீங்க பாய்' என்று சொல்லிவிட்டுப் போனார். இதை விட என்ன வேண்டும்?

ஃபிரிட்ஜைத் திருப்பிக் கொடுக்கும்போது உள்ளே மீன் வாடை. மாமி எலுமிச்சம்பழம் போட்டுத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். மெஷின் எங்கெங்கே போடுவது என்று யோசித்து வை.
மாமு.


அரியலூர்
20.4.1999

மாமுவுக்கு,

பெரம்பலூர் ஆபீஸிலிருந்து கடிதம் வந்துவிட்டது. அதில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன். 'விண்ணப்பதாரரின் கணவர் வெளிநாட்டில் மேலாளராகப் பணிபுரிந்து மாதந்தோறும் பணம் அனுப்பி வருவதாகக் குடும்பத் தலைவர் நேரில் தெரிவித்துள்ளார். குடும்பம் வசதியானது. தகுதியில்லை.'

இதைத்தான் மானமாகச் சொல்லி முடித்தீர்களா?

நான் உங்களிடம் என்ன கேட்டேன் மாமு? உள்ளதைச் சொல்லுங்கள் என்றேன். பொய் சொல்லி வாங்கித் தரச் சொல்லவில்லை. யாரையும் பிடிக்கச் சொல்லவில்லை. சும்மா பாயை விரித்து உட்காரவைத்திருந்தால் கிடைத்திருக்கும்.

என் நிக்காஹ்வுக்கு முன்னால் சிராஜுதீன் வீட்டார் வந்த அன்றும் இப்படித்தான் இரவல் சாமானை அடுக்கினீர்கள். கல்யாணம் முடிந்து நான் போன மாதமே என் மாமியார் கேட்டார், 'அந்த ரத்தினக் கம்பளம் யாரு வூட்டுது?' என்று. அவர் கேட்டபோது வீடே சிரித்தது. அதை நான் இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

லீலாவதி கேட்டாள், உன் மாமு உனக்கு நல்லது நினைக்கிறவரா கெட்டது நினைக்கிறவரா என்று. அந்தக் கேள்வியை உங்களுக்கே அனுப்புகிறேன்.

நஃபீசா.


லப்பைக்குடிக்காடு
29.4.1999

மருமகள் நஃபீசாவுக்கு, ஸலாம்.

உன் கடிதத்தை மாமி சத்தமாகப் படித்தாள். வேண்டுமென்றேதான். உன் அம்மா கேட்டு அழுதாள். அன்றிலிருந்து இந்த வீட்டில் எனக்குச் சோறு வருகிறது, பேச்சு வருவதில்லை.

பெரியவனைப் பார்த்து இப்படி எழுதலாமா? உன் அத்தா மவுத்தானபோது உன்னையும் லாத்தாவையும் நான்தானே கூட்டிவந்து வைத்துக்கொண்டேன். சரி, அதை விடு, அதைச் சொல்லிக்காட்ட எழுதவில்லை.

இதற்கெல்லாம் அசர வேண்டியதில்லை. கலெக்டர் டிரைவரின் மச்சான் எனக்குப் பழக்கம். ஒரு வார்த்தை போட்டால் அந்தக் கடிதத்தையே கிழித்துப்போட்டு வேறு கடிதம் எழுதித் தருவார்கள். இல்லாவிட்டால் சென்னைக்கே போய் மந்திரியைப் பார்க்கிறேன். கோட்டையில் எனக்குத் தெரியாத ஆளா.

நீயும் ஒன்று யோசித்துப் பார். அந்த ஆள் கேட்ட இடம் அப்படி. வாசலில் அனஸின் அம்மா நிற்கிறார்கள், கறிக்கடைக்காரன் நிற்கிறான், பள்ளிவாசலை நிர்வகிக்கிற முத்தவல்லியின் தம்பி சைக்கிளோடு நிற்கிறான். எல்லோரிடமும் மாப்பிள்ளை தம்மாமில் சூப்பர் மார்க்கெட் மேனேஜர் என்று நான் சொல்லி வைத்திருக்கிறேன். போன நோன்புப் பெருநாளுக்கு அவர் அனுப்பியது என்று சொல்லித்தான் ருமைசாவுக்குச் சட்டை எடுத்தேன். 'இவங்க புருஷன் விட்டுட்டுப் போனது உண்மையா?' என்று அந்த ஆள் அத்தனை பேர் முன்னால் சத்தமாகக் கேட்கிறார். நான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

உன்னைப் பற்றித் தெருவில் ஒரு சொல் விழக்கூடாது என்றுதான். வேறு ஒன்றும் இல்லை.

டிரைவரின் மச்சானைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.
மாமு.


அரியலூர்
15.5.1999

மாமுவுக்கு, ஸலாம்.

யாருடைய மச்சானையும் பார்க்க வேண்டாம். முதலாளியிடம் திட்டு வாங்கிக்கொண்டு நானே பெரம்பலூர் போய் வைத்திலிங்கம் சாரைப் பார்த்தேன். நல்லபடியாகத்தான் பேசினார். 'உங்க மாமா நல்ல மனுஷன்தாம்மா. ஆனா அவரு வாயால சொன்னதத்தான நான் எழுத முடியும்? தெருவே கேட்டுக்கிட்டு நின்னுச்சு' என்றார். ரோஸ்மில்க்கில் ஏன் மீன் வாடை அடித்தது என்றும் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஒரு வழி சொன்னார். நம் ஊர் ஜமாஅத்திலிருந்து, இந்தப் பெண் கைவிடப்பட்டவள் என்று கடிதம் கொண்டுவந்தால் மறுபடி விசாரிப்பாராம். ஜூன் மாதத்துக்குள் முடிய வேண்டும். அதற்குப் பிறகு இந்த வருடப் பட்டியலை மூடிவிடுவார்கள். நான் அம்மாவை விட்டு முத்தவல்லி வீட்டில் கேட்கச் சொன்னேன். வீட்டுப் பெரியவர் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நேரில் வந்து சொன்னால்தான் எழுதுவோம் என்று சொல்லிவிட்டார்களாம்.

வீட்டுப் பெரியவர் நீங்கள்தான்.

இன்னொன்றும் எழுத வேண்டும். ருமைசா எனக்கு இன்லேண்ட் லெட்டர் போட்டிருக்கிறாள். 'அத்தா மேனேஜராகி மாதாமாதம் பணம் அனுப்புகிறாராம், நன்னா அந்த சாரிடம் சொன்னார். அப்படியானால் நீ ஏன் அரியலூரில் இருக்கிறாய்? என் கூட இருக்கப் பிடிக்கவில்லையா?' இதை எழுதிவிட்டுக் கீழே ஒரு பூ வரைந்திருக்கிறாள்.

அவளுக்கு நான் என்ன பதில் எழுதட்டும்? அத்தா கெட்டவர் என்றா, நன்னா பொய்யர் என்றா? எதை எழுதினாலும் அவளுக்கு ஒரு ஆள் குறைந்துவிடும். அதனால் இன்னும் எழுதவில்லை.

உங்களால் ஜமாஅத்தில் சொல்ல முடியாது என்றால் சொல்லிவிடுங்கள். பள்ளி திறக்கும் முன் ருமைசாவைக் கூட்டிக்கொண்டு வந்து இங்கே எங்காவது ஹாஸ்டலில் சேர்த்துவிடுகிறேன். பிறகு ஊருக்கு வர எனக்குக் காரணம் இருக்காது.

ஒருவேளை சொன்னீர்களென்றால், மறுபடி அந்த அதிகாரி வரும்போது நீங்கள் வீட்டில் இருக்க வேண்டாம். கோபத்தில் எழுதவில்லை. பயத்தில் எழுதுகிறேன்.

நஃபீசா.


லப்பைக்குடிக்காடு
12.6.1999

மருமகள் நஃபீசாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதம் வந்து நாளாகிறது. எழுதவில்லை என்று கோபப்படாதே. ஒவ்வொரு ஜும்ஆவுக்கும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். தொழுகை முடிந்து கமிட்டி ஆட்கள் உட்காரும்போது செருப்பைத் தேடுகிறவன் மாதிரி வெளியே வந்துவிட்டேன். மாமி வாசலில் நின்று என் முகத்தைப் பார்ப்பாள், உள்ளே போய்விடுவாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

நேற்று சொல்லிவிட்டேன்.

எப்படிச் சொன்னேன் என்று வழக்கம்போல விரித்து எழுதத்தான் பேனாவை எடுத்தேன். வரவில்லை. நடந்ததை எழுதுகிறேன். முத்தவல்லி கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் போய் நின்றேன். 'எம் மருமவ புருஷன் அவள விட்டுட்டுப் போயிட்டான். காசும் அனுப்பல, கடுதாசியும் அனுப்பல. மேனேஜர்னு சொன்னதெல்லாம் நானா சொன்னது' என்றேன். அவ்வளவுதான்.

பள்ளிவாசல் இடிந்து விழும் என்று நினைத்தேன். ஒருவரும் ஆச்சரியப்படவில்லை, நஃபீசா. செக்ரெட்டரி மேஜை டிராயரை இழுத்து ஒரு பேப்பரை எடுத்தார். உனக்கான கடிதம். போன மாதமே எழுதி வைத்திருக்கிறார்கள், கையெழுத்து மட்டும்தான் போடவில்லை. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். முத்தவல்லி என் தோளில் கை வைத்து, 'ஷஃபி பாய், இது எங்களுக்குத் தெரியாதா? நீங்க சொல்லாம நாங்க எப்படிச் சொல்றது?' என்றார்.

திரும்பி வரும்போது அனஸின் அம்மா வாசலில் நின்றார்கள். 'அன்னைக்கு பெரம்பலூர்லேர்ந்து பொண்ணு கேட்டு வந்தாங்களே, ஒண்ணும் பதில் சொல்லலையா தம்பி?' என்று கேட்டார்கள். அந்த நாற்காலியும் ஃபிரிட்ஜும் உனக்கு மறுபடி சம்பந்தம் பேசுவதற்கு என்று நினைத்தே கொடுத்திருக்கிறார்கள். இத்தனை காலம் மேனேஜர் மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று என்னிடம் விசாரித்ததும் இதே அனஸின் அம்மாதான். நான் கதை சொல்லித் தெருவை ஏமாற்றுகிறேன் என்று இருந்தேன். தெரு தலையை ஆட்டி என்னை ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

ருமைசாவிடமும் நானே சொல்லிவிட்டேன். அத்தா பணம் அனுப்பவில்லை, அம்மா தைக்கிற காசில்தான் நீ சாப்பிடுகிறாய், நன்னா சொன்னது பொய் என்றேன். அவள் அழவில்லை. 'நான் டீச்சர்கிட்டயும் மேனேஜர்னு சொல்லிட்டேனே நன்னா' என்றாள். நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நாளை ஞாயிற்றுக்கிழமை. அவள்தான் சொன்னாள்.

இப்போது நீ அவளுக்குப் பதில் எழுதலாம். ஜமாஅத் கடிதம் இதனுடன் இருக்கிறது. அதிகாரி வரும் நாளைத் தெரிவித்தால் நான் காலையிலேயே குன்னம் பக்கம் போய்விடுகிறேன்.
ஷஃபியுல்லா.


அரியலூர்
19.6.1999

அன்புள்ள மாமுவுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். வைத்திலிங்கம் சார் வரும் வியாழக்கிழமை வருகிறார். கடையில் எனக்கு லீவு கிடைக்கவில்லை.

நீங்கள் குன்னம் போக வேண்டாம். வீட்டில் இருங்கள். பாய் போதும். மாமி போடும் டீ போதும். யார் வீட்டுக்கும் போக வேண்டாம்.

ருமைசாவுக்குத் தனியாகப் பதில் போட்டிருக்கிறேன். நீங்கள் பிரிக்கக்கூடாது.

மானியம் கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியவில்லை. சார் முகத்தைப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. தூக்கமே வரமாட்டேனென்கிறது. போன தடவை எழுதிய சில வார்த்தைகளைத் திருப்பி வாங்க முடிந்தால் வாங்கிக்கொள்வேன். எல்லாவற்றையும் அல்ல.

நஃபீசா.


லப்பைக்குடிக்காடு
25.6.1999

அன்பு மருமகள் நஃபீசாவுக்கு மாமு எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நேற்று அவர் வந்தார். பாயில்தான் உட்கார்ந்தார். முழங்கால் வலிக்காரர் போல, உட்காரக் கஷ்டப்பட்டார். அனஸ் வீட்டு நாற்காலி ஞாபகம் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். மாமி இந்தத் தடவை அடுப்படியிலிருந்து தானே டீயைக் கொண்டுவந்து வைத்தாள். முழுக்கக் குடித்தார்.

தெரு இந்தத் தடவையும் வாசலுக்கு வந்தது. அவர் தாழ்ந்த குரலில்தான் கேட்டார், நான்தான் சத்தமாகப் பதில் சொன்னேன். டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் எங்கே என்றார். 'இரவல் சார்' என்றேன். மாப்பிள்ளை? 'விட்டுட்டுப் போயிட்டான் சார்.' உங்களுக்கு என்ன வருமானம்? மாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாரச்சந்தையில் வெங்காயம் வாங்கி விற்கிறேன் என்றேன். மொத்த வியாபாரம் என்று சொல்ல வாய் வந்தது. கூடையில்தான் விற்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அவர் எழுதி முடித்துப் பேப்பரை மடித்தார். கிடைக்குமா என்று கேட்டேன். மேலே போக வேண்டும், நான் ஒன்றும் சொல்ல முடியாது என்றார். போன தடவை ஒரு குறையும் இல்லை என்று கையைப் பிடித்தவர் இந்தத் தடவை கையைக்கூடப் பிடிக்கவில்லை. அவ்வளவுதானா, உண்மையைச் சொல்லியும் போயிற்றா என்று இருந்தது.

வாசற்படியில் செருப்பை மாட்டினவர் திரும்பி உள்ளே வந்தார். கூடத்துச் சுவரையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார். 'பாய், அன்னைக்கு அந்த ஃபிரிட்ஜ எதுல மாட்டுனீங்க?' என்று கேட்டார். எதிலும் மாட்டவில்லை, மீன்கடை ஐஸ் என்றேன். மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, 'மொதல்ல இந்த ரூமுக்கு ப்ளக் பாயின்ட் போட்டு வைங்க. மோட்டார் மெஷின் வந்தா எதுல ஓட்டுவீங்க?' என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று நானாக ஒன்றும் சொல்ல மாட்டேன். அவர் சொன்னதை எழுதியிருக்கிறேன். நீயே படித்துக்கொள்.

இன்று காலையிலேயே எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்துவிட்டேன். யாருக்கு பாய் இவ்வளவு அவசரம் என்றான். 'புருஷன் விட்டுட்டுப் போன எம் மருமவ ஊருக்கு வர்றா, மெஷின் போடப் போறா' என்றேன். எதிர்வீட்டு ஜன்னல்வரை கேட்டிருக்கும். மெஷினுக்கு மூன்று பாயின்ட் போதும் என்றான் அவன். நாலாகப் போடச் சொல்லியிருக்கிறேன், நாலாவது அன்று அந்த ஃபிரிட்ஜ் நின்ற மூலையில். நாலாவது எதற்கு என்று மாமி கேட்கிறாள். இத்தனை நாளைக்குப் பிறகு அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. இருந்தும் நான் பதில் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் பெரிதாக ஏதாவது சொல்லிவிடுவேன்.

மாமு.